கொரோலா 100 ஒயில் லீக்: கியர் பொக்ஸைக் கழற்றத்தான் வேண்டுமா?

லிந்துலை100 | சனி, இரவு 8.10

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் வாசித்துவிட்டுப் போய்விடுவேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்பா வைத்திருந்த 1993 கொரோலா ஏஈ100 இப்போது என்னிடம் இருக்கிறது. 5ஏ-எஃப்ஈ எஞ்சின், மெனுவல் கியர். மீட்டரில் 2,40,000 கி.மீ. காட்டுகிறது, உண்மையில் எவ்வளவோ தெரியாது. லிந்துலையிலிருந்து நானுஓயா வழியாகத் தினமும் நுவரெலியா போய் வருகிறேன்.

போன மாதம் கொழும்புக்குப் போய்த் திரும்பும்போது கித்துல்கல தாண்டி கினிகத்தேனை ஏற்றத்தில் ஒயில் கருகும் வாசம் வந்தது. முதலில் முன்னால் போன லொறி என்றுதான் நினைத்தேன். ஹட்டனில் நிறுத்தி பொனட்டைத் திறந்தால் வாசம் நம்முடையதுதான். அன்றிலிருந்து வீட்டு முன்னால் நிறுத்தும் இடத்தில், இடது முன் டயருக்குக் கொஞ்சம் உள்ளே, கறுப்பாக ஒரு வட்டம். காலையில் பார்த்தால் தேநீர்க் கோப்பைத் தட்டு அளவு. பத்து நாளைக்கு ஒருமுறை அரை லீட்டர் ஊற்றுகிறேன்.

கராஜில் காட்டினேன். அங்கே இருந்த பாஸ் (மெக்கானிக்) கீழே படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தார், இரண்டு நிமிடம்கூட இல்லை. "பின் மெயின் சீல் போயிட்டுது, கியர் பொக்ஸை இறக்கணும், இறக்கினா க்ளச் ப்ளேட்டையும் மாத்திடுவோம்" என்றார். எஞ்சினும் கியர் பொக்ஸும் சேரும் இடத்தில் ஒயிலை அடைத்து வைக்கும் ரப்பர் வளையம்தான் அந்தச் சீலாம். கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 65,000 ரூபாய். அடுத்த மாதம் லைசன்ஸ் புதுப்பிக்க எமிஷன் டெஸ்ட்டும் வருகிறது. க்ளச் இப்போதைக்கு நன்றாகத்தான் பிடிக்கிறது. கழற்றத்தான் வேண்டுமா?

பதுளை ரைடர் | சனி, இரவு 8.31

மச்சான், 30 வயது வண்டி, ஒயில் ஒழுகாவிட்டால்தான் பயப்பட வேண்டும், உள்ளே ஒயிலே இல்லை என்று அர்த்தம் 😄 20டபிள்யூ-50 கெட்டி ஒயில் ஊற்றி, லீக் நிறுத்தும் மருந்து ஒரு டின் போட்டு ஓட்டுங்கள். என் லான்சருக்கு அப்படித்தான் செய்தேன்.

கண்டி கட்டுகஸ்தோட்டை | சனி, இரவு 9.02

அண்ணா, பணத்தைக் கொடுக்காதீர்கள். எனக்கும் இதே ஏஈ100தான், இதே கதைதான். எனக்கும் பின் மெயின் சீல் என்றார்கள். இறக்கினார்கள், மாற்றினார்கள், ஏற்றினார்கள். இரண்டு நாளில் அதே இடத்தில் அதே சொட்டு. திரும்பப் போனால் "சீல் டுப்ளிகேட், திரும்ப இறக்கணும்" என்றார்கள். கடைசியில் வேறொருவர் பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டர் (ப்ளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் சாமான்) ஓ-ரிங், அதாவது அதன் கழுத்தில் இருக்கும் ரப்பர் வளையம், என்று கண்டுபிடித்தார். அரை மணி நேர வேலை. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

பழைய பாஸ் | ஞாயிறு, காலை 5.50

லிந்துலை தம்பிக்கு. கம்பளையில் முப்பது வருடத்துக்கு மேல் கராஜ் வேலை செய்தவன் நான். இப்போது முழங்கால் விடுவதில்லை, அதனால் எழுத மட்டும்தான் முடிகிறது.

கண்டித் தம்பி சொல்வது நடக்கக்கூடிய விஷயம்தான். இந்த எஞ்சின் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. டைமிங் பெல்ட் வலது பக்கம், கியர் பொக்ஸ் இடது பக்கம். டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டின், அதாவது எஞ்சின் மேல்பகுதியின், இடது முனையில், சரியாக கியர் பொக்ஸுக்கு மேலே இருக்கிறது. அதன் ஓ-ரிங் விட்டால் ஒயில் ஹெட் ஓரமாக வடிந்து, பெல் ஹவுசிங் (கியர் பொக்ஸின் மணி வடிவ முன் பகுதி) மேல் விழுந்து, அதன் வளைவைப் பிடித்துக்கொண்டே கீழே வந்து, எஞ்சினும் கியர் பொக்ஸும் சேரும் இடத்தில் சொட்டும். பின் மெயின் சீல் விட்டாலும் அதே இடத்தில்தான் சொட்டும். கீழே படுத்துப் பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான். அந்த பாஸ் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை, மேலே பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஒயில் மேலிருந்து கீழே வரும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் சொட்டும் இடத்தைப் பார்த்து நோய் சொல்லக் கூடாது. ஈரம் தொடங்கும் மிக உயரமான இடத்தைத் தேட வேண்டும்.

ஆனால் அதற்கு முன்னால் எனக்கு ஒரு கேள்வி. பத்து நாளைக்கு அரை லீட்டர் என்கிறீர்கள். ஒரு தட்டு அளவு கறைக்கு அது அதிகம். டிப்ஸ்டிக்கை (ஒயில் அளவு பார்க்கும் குச்சி) காரை எங்கே நிறுத்திப் பார்க்கிறீர்கள்?

லிந்துலை100 | ஞாயிறு, காலை 7.15

வீட்டு முன்னால்தான் பாஸ். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன், காலையில்.

பழைய பாஸ் | ஞாயிறு, காலை 7.22

வீட்டு முன்னால் மட்டமா?

லிந்துலை100 | ஞாயிறு, காலை 7.30

லிந்துலையில் மட்டமான இடம் எங்கே பாஸ் இருக்கிறது! சரிவுதான். டயருக்குக் கல் வைத்துத்தான் நிறுத்துவேன்.

டிக்கோயா டீச்சர் | ஞாயிறு, காலை 8.05

ஹா ஹா, மாட்டிக்கொண்டார் தம்பி. எங்கள் வீட்டிலும் இதேதான். என் கணவர் எங்கள் பழைய கொரோலா டிஎக்ஸ் வேகனுக்குச் சரிவில் வைத்தே ஒயில் பார்த்து, குறைகிறது குறைகிறது என்று ஊற்றி, ஒருநாள் சேர்விஸுக்குப் போனபோது வழக்கத்தைவிட ஒரு லீட்டருக்கு மேல் இறங்கியது. மலைநாட்டில் மட்டமான இடம் என்றால் இரண்டுதான்: பெற்றோல் ஷெட், பாடசாலை மைதானம். மைதானத்துக்குள் கார் விட அதிபர் சம்மதிக்க மாட்டார்.

பழைய பாஸ் | ஞாயிறு, காலை 8.40

டீச்சர் சொன்னபடி செய்யுங்கள். ஷெட்டில் கூட்டம் இல்லாத நேரம் போய், எஞ்சினை நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு, ஸ்டிக்கைத் துடைத்து, திரும்ப முழுதாகச் செருகி எடுத்துப் பாருங்கள். எல் (குறைவு) குறிக்கும் எஃப் (நிறைவு) குறிக்கும் இடையில் இருக்க வேண்டும். எஃப் தாண்டி இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயில் மெல்லிய பொலித்தீன் துண்டு ஒன்றை வைத்துப் பாருங்கள். லேசாக உள்ளே இழுத்தால் நல்லது. படபடவென்று மேலே தள்ளினால் உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது.

பதுளை ரைடர் | ஞாயிறு, காலை 9.12

பாஸ், ஒயில் லீக்குக்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம்?

பழைய பாஸ் | ஞாயிறு, காலை 9.55

பிஸ்டனைத் தாண்டி எப்போதும் கொஞ்சம் காஸ் கீழே இறங்கும், புது எஞ்சினிலும் இறங்கும். அந்தக் காற்று வெளியே போக ஒரு வழி வேண்டும். டெப்பட் கவரில் (எஞ்சினின் மேல் மூடி) பிசிவி வால்வு என்று விரல் நீளத்தில் ஒன்று செருகியிருக்கும், அங்கேயிருந்து ஒரு ஹோஸ் எஞ்சின் காற்று இழுக்கும் குழாயான இன்டேக் மெனிஃபோல்டுக்குப் போகும். அந்த வழியாக எஞ்சினே தன் காற்றை இழுத்து எரித்துவிடும். வால்வு கசடு பிடித்து அடைத்துக்கொண்டால் காற்றுக்குப் போக இடமில்லை. அப்போது எங்கே மெலிந்த ரப்பர் இருக்கிறதோ அங்கே ஒயிலையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சோற்றுப் பானையை இறுக்கி மூடினால் ஓரத்தால் கஞ்சி பொங்குவது மாதிரி.

நம்முடைய பாதைகளில் இது இன்னும் மோசம். ரம்பொடை ஏற்றத்தை இரண்டாம் கியரில் மூச்சு முட்ட ஏறும்போது த்ரொட்டில் அகலத் திறந்திருக்கும். இன்டேக்கில் இழுவை குறைந்துவிடும், கீழே இறங்கும் காஸோ கூடிவிடும். கொழும்பில் ஓடும் காருக்கு வருடத்தில் இரண்டு தடவை நடப்பது நமக்குத் தினமும் நடக்கிறது.

லீக் நிறுத்தும் மருந்து பற்றிச் சொன்னீர்களே. அது ரப்பரை ஊதவைக்கும். சில நேரம் சில மாதம் நிற்கும். காய்ந்து உடைந்த ரப்பரை அது ஒட்டவைக்காது, அடைத்த வால்வைத் திறக்காது.

ஹப்புத்தளை மூடுபனி | ஞாயிறு, மதியம் 12.20

நான் ஒரு விஷயம் சேர்க்கிறேன். ஒயில் குறைகிறது என்றால் எல்லாம் லீக் என்று எடுக்கக் கூடாது, எரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். நம் ஊர்ப் பாதையே நல்ல டெஸ்ட். நீண்ட இறக்கத்தில் கியரில் பிடித்துக்கொண்டு இறங்குங்கள், அடியில் வந்து எக்ஸலரேட்டரை மிதிக்கும்போது பின்னால் வருகிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள். குபீர் என்று நீலப் புகை வந்து உடனே மறைந்தால் வால்வ் சீல். ஏற்றம் முழுக்க நீலமாக வந்துகொண்டே இருந்தால் பிஸ்டன் ரிங். இரண்டும் இல்லையென்றால் லீக் மட்டும்தான்.

லிந்துலை100 | ஞாயிறு, மாலை 5.48

ஷெட்டுக்குப் போனேன். வெட்கமாக இருக்கிறது. எஃப் குறிக்கு மேலே கிட்டத்தட்ட ஒன்றரை சென்ரி மீட்டர். ஷெட் பையன் ஸ்டிக்கை எட்டிப் பார்த்துவிட்டு "அண்ணே, விற்கிறதுக்கு வச்சிருக்கீங்களா" என்று கேட்டான்.

பொலித்தீன் டெஸ்ட்டும் செய்தேன். இழுக்கவில்லை, மேலே தள்ளியது. கடதாசிப் பட்டம் மாதிரி எழும்பி நின்றது.

தம்பி பின்னால் பைக்கில் வந்து பார்த்தான், நீலப் புகை இல்லை என்கிறான்.

பழைய பாஸ் | ஞாயிறு, மாலை 6.30

நல்லது. நோய் பாதி தெரிந்துவிட்டது. மிச்சப் பாதிக்குக் கழுவ வேண்டும். முதலில் கூடுதல் ஒயிலை எடுத்துவிடுங்கள். அவ்வளவு உயரத்தில் இருந்தால் கீழே சுற்றும் கிராங்க் தண்டு ஒயிலை அடித்து நுரை கிளப்பும், அதுவும் தள்ளும்.

கழுவும்போது எஞ்சின் குளிர்ந்திருக்கட்டும். மண்ணெண்ணெயும் பழைய பெயின்ட் பிரஷும் போதும், பெற்றோல் வேண்டவே வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டரையும் ஆல்டர்னேட்டரையும் பொலித்தீனால் கட்டுங்கள். சேர்விஸ் ஸ்டேஷனில் வேகத் தண்ணீர் அடிக்கக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஸ்டார்ட் ஆகவில்லை என்று இங்கே வந்து அழாதீர்கள். பிரஷைச் சந்து பொந்தெல்லாம் விட்டுத் துடையுங்கள். துணி கறுப்பாக வருவது நிற்கும்வரை.

காரைச் சரிவில் ஜெக் பண்ணாதீர்கள். ஸ்டாண்ட் இல்லாமல் கீழே போகாதீர்கள். கல் வைத்தேன் என்று சொல்லி நசுங்கிய ஆளை நான் தூக்கியிருக்கிறேன்.

டிக்கோயா டீச்சர் | ஞாயிறு, இரவு 7.10

கழுவிக் காயவைத்த பிறகு ஒரு வேலை செய்யுங்கள் தம்பி. குழந்தைகளுக்குப் போடும் டல்கம் பவுடரை ஒரு மெல்லிய துணியில் கட்டி, சந்தேகப்படும் இடமெல்லாம் தட்டிவிடுங்கள். திருநீறு பூசினது மாதிரி வெள்ளையாக இருக்கும். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், ஒயில் வரும் இடத்தில் பவுடர் கறுத்து ஈரமாகிக் கோடு போட்டுக் காட்டும். டிஎக்ஸ் வேகனில் நாங்கள் ஃபியுவல் பம்ப் அடியில் கண்டுபிடித்தது இப்படித்தான். 4கே எஞ்சினில் அந்தப் பம்ப் ப்ளொக் பக்கத்தில் போல்ட் பண்ணியிருக்கும், நடுவில் இருக்கும் பேக்கிங் போய்விட்டது. அதையும் யாரோ சம்ப் (எஞ்சின் அடியில் ஒயில் நிற்கும் தட்டு) என்று சொல்லி இரண்டு தடவை சம்பைக் கழற்றினார்கள்.

காருக்கு அடியில் தேயிலை அடைக்கும் காகிதச் சாக்கை விரித்துப் போடுங்கள். அட்டைப் பெட்டியைவிட அகலம், சொட்டு எங்கே விழுகிறது என்று தேதி போட்டு எழுதியும் வைக்கலாம்.

ஹப்புத்தளை மூடுபனி | ஞாயிறு, இரவு 7.44

யூவி டை என்று ஒன்று இருக்கிறது. ஒயிலுக்குள் ஊற்றி ஓட்டி, நீல லைட் அடித்துப் பார்த்தால் லீக் பச்சை மஞ்சளாக மின்னும். பவுடருக்குத் தெரியாத சின்னக் கசிவும் தெரியும்.

டிக்கோயா டீச்சர் | ஞாயிறு, இரவு 7.50

பவுடர் வீட்டில் இருக்கிறது தம்பி.

லிந்துலை100 | போயா தினம், மாலை 4.25

போயா லீவு, மழையும் இல்லை. காலை ஏழு மணிக்குத் தொடங்கினேன். தோட்டத்துக் களஞ்சியத்துக்கு முன்னால் கொஞ்சம் மட்டமான கொங்கிரீட் தரை இருக்கிறது, கேட்டு வாங்கி அங்கே நிறுத்தினேன்.

கழுவவே மூன்று மணி நேரம். பெல் ஹவுசிங் மேல் இருந்த கசடை ஸ்க்ரூ ட்ரைவரால் சுரண்டினேன், தோசைக்கல் கரி மாதிரி அடை அடையாக வந்தது. அலுமினியம் உண்மையில் வெள்ளை நிறம் என்று இன்றைக்குத்தான் தெரியும். ஒயிலை எஃப் குறிக்குக் கொண்டுவந்தேன். பவுடர் தட்டினேன். தலவாக்கலை வரை போய் வந்தேன். பொனட்டைத் திறந்ததும் அம்மா வந்து எட்டிப் பார்த்து, "என்ன, பேய் ஓட்டினியா" என்றார்.

இரண்டு இடம். டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டுக்குள் போகும் கழுத்தின் அடியில் பவுடர் கறுத்து, அங்கேயிருந்து மூன்று விரல் அகலத்துக்குப் பெல் ஹவுசிங் வரை ஒரு கோடு. இரண்டாவது, டெப்பட் கவரின் முன் ஓரம், ரேடியேட்டர் பக்கம். அங்கே மெல்லிய ஈரம்தான், ஆனால் நேர் கீழே சூடான புகைக் குழாய், எக்ஸோஸ்ட் மெனிஃபோல்ட். கருகின வாசம் அங்கேயிருந்துதான்!

பெல் ஹவுசிங்கின் அடிப்பக்கம், மெயின் சீல் இருக்கும் இடம், கிட்டத்தட்ட காய்ந்தே இருக்கிறது. லேசான வியர்வை மட்டும்.

பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினேன். சத்தமே இல்லை.

பழைய பாஸ் | போயா தினம், மாலை 5.05

குலுக்கினால் டிக் டிக் என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் செத்துவிட்டது. கழுவிப் போடச் சிலர் சொல்வார்கள். நான் புதிதுதான் போடுவேன், விலை அதிகம் இல்லை. அது செருகும் ரப்பர் புஷ்ஷையும் சேர்த்து வாங்குங்கள், கல்லாகியிருக்கும். ஹோஸையும் ஊதிப் பாருங்கள்.

டெப்பட் கவர் கெஸ்கட் வாங்கும்போது நான்கு ப்ளக் குழாய்க்கும் உள்ள சீலோடு செட்டாக வாங்குங்கள். அந்தச் சீல்கள் விட்டால் ஒயில் ப்ளக் குழிக்குள் இறங்கி நிற்கும், அப்புறம் மிஸ்ஃபயர் (ப்ளக் சரியாக எரிக்கவில்லை) என்று இன்னொரு இழை திறப்பீர்கள். ப்ளக் கேபிளை இழுத்துப் பாருங்கள், நுனியில் ஒயில் இருக்கிறதா?

லிந்துலை100 | போயா தினம், மாலை 5.20

இரண்டாவது சிலிண்டர் கேபிள் நனைந்து வந்தது பாஸ்.

கண்டி கட்டுகஸ்தோட்டை | போயா தினம், மாலை 6.00

ஓ-ரிங்கை ஹாட்வெயார் கடையில் தண்ணீர்க் குழாய்க்கு விற்கிறதைப் பார்த்து, அளவு சரிதானே என்று போட்டுவிடாதீர்கள். நான் செய்தேன். சூட்டுக்கும் ஒயிலுக்கும் ஊதி, ஒரு மாதத்தில் கூழ். பழைய ஓ-ரிங்கோடு பார்ட்ஸ் கடைக்குப் போய், டிஸ்ட்ரிபியூட்டருக்கு என்று சொல்லியே வாங்குங்கள். நான் கொழும்பு பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடையில் வாங்கினேன், பகல் சாப்பாட்டுப் பார்சல் விலைகூட இல்லை.

பதுளை ரைடர் | போயா தினம், மாலை 6.15

கெஸ்கட் எதற்கு, சுற்றிவர சிலிக்கன் பூசி ஒட்டினால் முடிந்ததே?

பழைய பாஸ் | போயா தினம், மாலை 6.50

இதற்குத்தான் எனக்குக் கோபம் வருவது. சிலிக்கன் நல்ல சாமான், இடம் தெரிந்து போட்டால். கெஸ்கட் வளைந்து திரும்பும் மூலைகளில், கேம் முன் கேப் ஹெட்டோடு சேரும் இடங்களில், மிளகு அளவு ஒரு பொட்டு போதும். பழைய எஞ்சின்களைத் திறந்தால் உள்ளே புழு மாதிரி சிலிக்கன் சுருண்டு கிடக்கும். ஓரத்தில் பிதுங்கினதில் பாதி உள்ளேதான் பிதுங்கும் தம்பி. அது உடைந்து சம்புக்குப் போய் ஒயில் பம்ப் வலையில் உட்கார்ந்தால் ஒயில் ப்ரஷர் போய்விடும். லீக்கைக் காப்பாற்றப் போய் எஞ்சினைக் கொன்ற கதை பல பார்த்திருக்கிறேன்.

கவர் நட்டுகளை இறுக்குவதும் அப்படித்தான். லீக் வருகிறது என்று ஆளாளுக்கு இறுக்கி, கெஸ்கட்டைப் பிதுக்கி, கவரையும் வளைத்துவிடுவார்கள். விரலால் முடிந்தவரை திருகி, சின்ன ரெட்செட்டில் மாற்றி மாற்றி, கை பிடிப்பு வந்ததும் நிறுத்துங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் கழற்றும் முன் நம்பர் 1 சிலிண்டரை டிடிசிக்கு, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலைக்கு, கொண்டுவாருங்கள். கிராங்க் புல்லியில் (பெல்ட் சக்கரம்) இருக்கும் வெட்டும் பெல்ட் கவரில் இருக்கும் 0 குறியும் நேராக வரும், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் ரோட்டர் நம்பர் 1 கேபிளைப் பார்க்கும். பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பிலும் ஹெட்டிலும் சேர்த்து ஒரு கோடு கீறுங்கள், மார்க்கரால் போட்டால் ஒயிலில் அழியும். போல்டைக் கழற்றி இழுங்கள். இழுத்த பிறகு திரும்பச் செருகும்வரை யாரும் எஞ்சினைச் சுற்றக் கூடாது, கியரில் வைத்துத் தள்ளவும் கூடாது.

மூடிக்குள் ஒயில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளே ஒயில் இருந்தால் ஓ-ரிங் மட்டும் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டின் உள் சீலும் போய்விட்டது, அது வேறு வேலை. உள்ளே காய்ந்திருந்தால் கவலையில்லை.

எல்லாம் பூட்டின பிறகு டைமிங் லைட் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். டயக்னோஸ்டிக் பெட்டியில் டிஈ1, ஈ1 என்ற இரண்டு துளைகளையும் வயரால் இணைத்துப் பார்த்தால், ஐட்லிங்கில் டைமிங் டிடிசிக்கு 10 டிகிரி முன்னால் நிற்க வேண்டும். கீறிய கோட்டை நம்பி அப்படியே ஓட்டாதீர்கள். அரை மில்லி மீட்டர் தவறினாலும் நானுஓயா ஏற்றத்தில் எஞ்சின் சொல்லிவிடும்.

ஹப்புத்தளை மூடுபனி | போயா தினம், இரவு 8.15

ஒரு சந்தேகம் பாஸ். 2022 இல் பெற்றோல் இல்லாமல் என் கார் நான்கு மாதம் போர்வைக்குள் கிடந்தது. கியூஆர் பெற்றோல் பங்கீடு வந்த பிறகு எடுத்து ஓட்டியதிலிருந்துதான் அங்கங்கே ஈரம். நிற்கும்போதும் சீல் கெடுமா?

பழைய பாஸ் | போயா தினம், இரவு 8.40

கெடும். ஓடும் எஞ்சினில் சீல் எப்போதும் ஒயிலில் நனைந்திருக்கும். சும்மா நின்றால் மேல் பக்க ரப்பர் காய்ந்து இறுகும். அந்த வருடம் படுத்த வண்டிகள் பல அடுத்த வருடம் ஒழுகிக்கொண்டு வந்தன. அப்போது இறக்குமதியும் இல்லை, 2020 மார்ச்சில் நிறுத்தியது 2025 பெப்ரவரி வரை தனியார் காருக்குத் திறக்கவில்லை. அதனால்தான் 30 வருட வண்டிக்கும் இவ்வளவு விலை, இவ்வளவு அக்கறை. கராஜ்காரருக்கு நல்ல காலம், ரப்பருக்குக் கெட்ட காலம்.

லிந்துலை100 | மறு ஞாயிறு, மாலை 6.05

வேலை முடிந்தது. கொழும்பில் இருக்கும் நண்பன் சாமானை வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிட்டான், தலவாக்கலையில் போய் எடுத்தேன்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் காய்ந்திருந்தது, நல்லகாலம். போல்ட் இரண்டும் இலகுவாக வந்தன, ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் அசையவே இல்லை. அரை மணி நேரம் கையால் இடமும் வலமும் ஆட்டி ஆட்டித்தான் வந்தது. ஓ-ரிங்கைப் பார்த்தேன். வட்டமாக இருக்க வேண்டிய ரப்பர் நான்கு பக்கமும் சப்பையாகி, பட்டி மாதிரி இருந்தது. நகத்தால் நெம்பினேன், டக் என்று இரண்டாக உடைந்தது. வளையக்கூட இல்லை. புதிதை அதன் பக்கத்தில் வைத்தபோது இரண்டும் ஒரே சாமான் என்று நம்பவே முடியவில்லை. புதிதுக்குக் கொஞ்சம் எஞ்சின் ஒயில் தடவிச் செருகினேன், கோட்டுக்குக் கோடு வைத்தேன்.

டெப்பட் கவர் கெஸ்கட்டும் அதே கதை, பிளாஸ்டிக் வயர் மாதிரி துண்டு துண்டாக வந்தது. கவர் பள்ளத்தில் ஒட்டியிருந்ததைச் சுரண்ட மர ஐஸ்கிரீம் குச்சி எடுத்தேன், இரும்பால் சுரண்டினால் அலுமினியம் கீறும் என்று பயம். யாரோ முன்னால் சிலிக்கன் பூசியிருக்கிறார்கள் பாஸ், நீங்கள் சொன்ன புழு மூன்று உள்ளே இருந்தது. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

திங்கள் மாலை நுவரெலியாவில் ஒரு கராஜில் டைமிங் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

பழைய பாஸ் | மறு ஞாயிறு, மாலை 6.40

நல்ல வேலை. கழற்றிய ஒயிலை என்ன செய்தீர்கள்?

லிந்துலை100 | மறு ஞாயிறு, மாலை 6.52

கேனில் இருக்கிறது. கானில் ஊற்றவில்லை பாஸ். எங்கள் கான் நேரே ஆற்றுக்குத்தான் போகிறது, அந்த ஆறு கீழே மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. சேர்விஸ் ஸ்டேஷனில் பழைய ஒயில் எடுக்கிறார்கள், கொடுத்துவிடுவேன்.

லிந்துலை100 | மூன்று வாரம் கழித்து, சனி, காலை 7.05

இழையைத் தொங்கலில் விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். டைமிங் 10க்குப் பதிலாக 7இல் இருந்ததாம், சரி பண்ணிவிட்டார்கள். ஏற்றத்தில் முன்பைவிடச் சுறுசுறுப்பாக ஏறுகிறது, அது ஓ-ரிங்காலா டைமிங்காலா என்று கேட்காதீர்கள். எமிஷன் டெஸ்ட்டிலும் பாஸாகிவிட்டது.

கொழும்புக்கும் ஒருமுறை போய் வந்தேன், கினிகத்தேனையில் கண்ணாடியை இறக்கிவிட்டு மூக்கை நீட்டிக்கொண்டு ஏறினேன். வாசம் இல்லை. பொலித்தீன் டெஸ்ட்டில் இப்போது உள்ளே இழுக்கிறது. ஷெட்டில் பார்க்கும்போது மூன்று வாரத்தில் ஒயில் அசையவில்லை.

சாக்கில் ஒரே ஒரு சொட்டு, ஐந்து சத நாணயம் அளவு, பெல் ஹவுசிங் அடியில். மெயின் சீல் வியர்வைதான் என்று நினைக்கிறேன். அதை என்ன செய்வது?

பழைய பாஸ் | சனி, காலை 7.40

ஒன்றும் செய்யாதீர்கள். க்ளச் தேய்ந்து கியர் பொக்ஸை எப்படியும் இறக்கும் நாள் வரும், அப்போது சீலைச் சேர்த்துப் போடுங்கள். அதுவரை சொட்டு பெரிதாகிறதா என்று மட்டும் சாக்கில் பாருங்கள். க்ளச் வழுக்கினால் காத்திருக்க வேண்டாம்.

கண்டி கட்டுகஸ்தோட்டை | சனி, காலை 8.15

65,000 மிச்சம் அண்ணா! எனக்கு இந்த இழை மூன்று வருடம் முன்னால் கிடைத்திருக்கலாம்.

பதுளை ரைடர் | சனி, காலை 9.30

சரி பாஸ், ஒத்துக்கொள்கிறேன். என் லான்சரும் மருந்து போட்ட ஆறாவது மாதம் திரும்ப ஒழுகத் தொடங்கிவிட்டது. ஒயிலும் குறைகிறது. எங்கேயிருந்து தொடங்கட்டும்?

பழைய பாஸ் | சனி, காலை 9.41

அதற்குப் புது இழை திறவுங்கள். முதல் வரியில் டிப்ஸ்டிக்கை எங்கே நிறுத்திப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.